சம்ப் மூடிமேல் மாப்பிள்ளை கார்

ஜூன் 4, ஞாயிறு

இது ஒரு விபத்துப் பதிவேடு. கணபதி பகுதியில் இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் முப்பத்தொரு வருடம் பாதுகாப்பு அலுவலராக இருந்து மார்ச்சில் ஓய்வு பெற்றபோது, இதில் நூற்று நாற்பது பக்கம் எழுதாமல் கிடந்தது. வீணாக்க மனம் வராமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இதுவரை வீட்டில் ஒரே ஒரு பதிவுதான்: ஏப்ரல் 11, என் மனைவி துளசிமணி சூடான குக்கரை முந்தானையால் பிடித்துத் தூக்கியது. எச்சரிக்கை செய்து அனுப்பப்பட்டார் என்று எழுதியிருக்கிறேன். அனுப்பியது சமையலறைக்கே.

இன்று மதியம் மகள் தாரணியும் மாப்பிள்ளை மிதுனும் வந்தார்கள். தாரணிக்கு ஏழாம் மாதம். வருகிற 23-ஆம் தேதி வெள்ளிக்கிழமை இங்கே வளைகாப்பு. அறுபது பெண்கள் வருவார்கள் என்று துளசிமணி சொல்கிறாள். நான் எண்பது என்று வைத்துத் திட்டமிடுகிறேன்.

மாப்பிள்ளை போன மாதம் தன் காரைத் தாழ்த்திவிட்டார். கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றிக் குட்டை ஸ்பிரிங் மாட்டினால் வண்டி தரையோடு தரையாகப் போகுமாம். பார்க்க ரேஸ் வண்டி மாதிரி இருக்குமாம். வண்டிக்கும் தரைக்கும் நடுவில் என் மூன்று விரல் போகிறது, நான்காவது போகவில்லை. ஆள் உட்கார்ந்திருந்தால் வேகத்தடையில் அடி இடிக்கும். அதனால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் தாரணி இறங்கி, நடந்து, அந்தப் பக்கம் போய் ஏறிக்கொள்ள வேண்டும். எங்கள் தெருவில் நான்கு வேகத்தடை. கார் முன்னால் ஊர்ந்து வர, தாரணி தேருக்குப் பின்னால் வருகிற மாதிரி நடந்தே வந்து சேர்ந்தாள். ஏழாம் மாதத்தில் நடப்பது நல்லதுதான்.

வண்டியை போர்ட்டிகோவில் நிறுத்தினார்கள். காப்பி குடித்துவிட்டு மாப்பிள்ளை வெளியே வந்தால், முன்பக்க இடது டயரில் காற்றே இல்லை. வந்தபோது நன்றாக இருந்த டயர். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். ஆபீஸ் வேலையாக மூன்று வாரம் பூனே போவதாகவும், அதுவரை வண்டி இங்கேயே நிற்கட்டும் என்றும் என்னிடம் சொல்லிவிட்டு, தாரணியை இங்கே விட்டு, சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போனார். என் பொறுப்பில் விட்டால் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை. பெருமையாகத்தான் இருந்தது.

"ஏனுங்க, பூனே போறவரு ஒரு துணிப்பை கூட எடுத்துட்டுப் போகலையே, அது எந்தப் பூனே?" என்று துளசிமணி கேட்டாள். இவளுக்கு எல்லாவற்றையும் நோண்ட வேண்டும்.

ஜூன் 6, செவ்வாய்

எங்கள் தெருவுக்கு வாரம் ஒருமுறை, செவ்வாய்க்கிழமை காலை, இரண்டு மணி நேரம் தண்ணீர் வரும். அது தரைக்கடியில் இருக்கும் சம்ப்பில் விழும். அங்கிருந்து மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றுவோம். இன்று தெரு முழுக்கத் தண்ணீர் வந்தது. எங்கள் சம்ப்பில் ஒரு சொட்டு விழவில்லை.

காரணம் கண்டுபிடித்துவிட்டேன். தண்ணீர் வரும் குழாயின் வாயில் ஒரு மிதவைப் பந்து உண்டு. தொட்டி நிறைந்தால் மேலே எழும்பிக் குழாயை அடைத்துக்கொள்ளும். காலியானால் கீழே தொங்கும். அது மேலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. மூடியை நகர்த்தி, கையை விட்டு ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

மூடி மாப்பிள்ளை காருக்கு அடியில் இருக்கிறது. டயர் இறங்கியதால் காரின் அடிப்பாகம் மூடியின் இரும்பு வளையத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தள்ளலாம் என்றால் கியரில் நிற்கிறது, சாவி இல்லை. லாரித் தண்ணீர் வாங்கலாம் என்றால் அதையும் அந்த மூடி வழியாகத்தான் ஊற்ற வேண்டும்.

ஜூன் 7, புதன்

எதிர்வீட்டிலிருந்து பதினாறு குடம்.

ஜூன் 8, வியாழன்

மாப்பிள்ளைக்கு ஒரு போன் போட்டால் முடிகிற காரியம் என்று துளசிமணி சொல்கிறாள். இவளுக்கு முறை தெரியவில்லை. கல்யாணமாகி இரண்டு வருடம் முடியாத மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, உங்கள் வண்டி எங்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று மாமனார் சொன்னால், அந்தச் சொல் அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்கு ஓடும். அவர் அம்மா அதை ஒவ்வொரு விசேஷத்திலும் எடுத்து வைப்பார். வண்டியை நாமே பத்திரமாகத் தூக்கி, மூடியைத் திறந்து, பந்தைத் தட்டி, மறுபடி இறக்கி, துடைத்து வைத்துவிட்டால் அவருக்குத் தெரியவே வேண்டியதில்லை.

தாரணி இன்று முழுவதும் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் பேசவில்லை. நெட்வொர்க் சரியில்லை போலிருக்கிறது.

ஜூன் 9, வெள்ளி

காலையில் போர்ட்டிகோவில் பாதுகாப்புக் கூட்டம் நடத்தினேன். கலந்துகொண்டவர்கள்: துளசிமணி, எதிர்வீட்டு பெர்னார்டு. பெர்னார்டு தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். தினம் எங்களுக்குத் தண்ணீர் தருகிறவர் என்பதால் அவரைத் தவிர்க்க முடியவில்லை.

நான் ஓய்வு பெற்ற அன்று ஃபவுண்டரியில் கொடுத்த தங்கப் பெயின்ட் அடித்த ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பேசினேன். சமதளமான கெட்டித் தரை வேண்டும். தூக்காத பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். ஜாக்கியைக் கண்ட இடத்தில் வைத்தால் தகடு உள்ளே போய்விடும், அதற்கென்று கெட்டியான இடம் இருக்கிறது, அங்கேதான் வைக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு அல்ல. தாங்க ஸ்டாண்ட் வேண்டும். ஸ்டாண்ட் இல்லாமல் ஒருவர் விரல்கூட அடியில் போகக் கூடாது. தனியாக யாரும் செய்யக் கூடாது.

கேள்வி இருக்கிறதா என்றேன். குளிக்க எப்போது தண்ணீர் வரும் என்று துளசிமணி கேட்டாள். அது பொருளுக்கு வெளியே என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தேன்.

ஜூன் 11, ஞாயிறு

பெர்னார்டின் பழைய வேன் ஜாக்கி வந்தது. மடக்கினாலும் ஒரு சாண் உயரம். அடியில் போகவில்லை. டயர் கடையிலிருந்து சக்கரம் வைத்த ஜாக்கியை வாடகைக்கு எடுத்துவந்தேன். அது நான்கு விரல் உயரம். நமக்கு இருப்பது, டயர் இறங்கிய பிறகு, இரண்டு விரல். இப்படித் தாழ்ந்த வண்டியை முதலில் பலகைமேல் ஓட்டி ஏற்றிக்கொண்டு பிறகுதான் ஜாக்கி போட வேண்டுமாம். ஓட்டுவதற்குச் சாவி பூனேயில்.

எட்டுப் பேர் சேர்ந்து கையால் தூக்கிவிடலாம், அவர்கள் தூக்கிப் பிடித்திருக்கும்போது நான் உள்ளே கையை விட்டுப் பந்தைத் தட்டிவிடலாம் என்று பெர்னார்டு சொன்னார். அவரை நான் திட்டியது கொஞ்சம் அதிகம்தான். மனிதர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

அவருக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். பதினான்கு வருடம் முன்பு காளியண்ணன் என்ற ஃபிட்டர் ஒரு ட்ராலிக்கு அடியில் வேலை பார்த்தார். ஜாக்கி மட்டும்தான் இருந்தது, ஸ்டாண்ட் இல்லை. ஜாக்கி நழுவி வலது பாதம் போயிற்று. அந்த வேலைக்கு அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டவன் நான். எழுந்துபோய்ப் பார்க்காமல், மேசையில் உட்கார்ந்தபடியே போட்டேன். அப்போது இதே பதிவேட்டில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதினேன். அந்தப் பக்கத்தை நான் திருப்பிப் பார்ப்பதில்லை.

பிறகு எதிர்வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பெர்னார்டு காப்பியும் கொடுத்து நான்கு குடம் தண்ணீரும் கொடுத்தார்.

ஜூன் 13, செவ்வாய்

தண்ணீர் வந்தது, போனது. சம்ப்பில் விழவில்லை. இனி வளைகாப்புக்கு முன் இருப்பது 20-ஆம் தேதி ஒன்றுதான். அதற்குள் மூடி திறக்காவிட்டால் எண்பது பேருக்குக் கை கழுவக்கூடத் தண்ணீர் இருக்காது.

மாப்பிள்ளையைச் சாயந்திரம் இங்கே சத்தி ரோடு பேக்கரியில் பார்த்ததாகப் பெர்னார்டு சொன்னார். டீயும் எக் பப்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். ஒரே சாயலில் ஏழு பேர் இருப்பார்கள். நான் அப்படித்தான் சொன்னேன். மாப்பிள்ளைக்கு எக் பப்ஸ் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும், ஆனால் அது ஆதாரம் ஆகாது.

ஜூன் 14, புதன்

துளசிமணி என்னை உட்கார வைத்துச் சொன்னாள். போன மாதம் ஸ்கேனுக்குப் போன அன்று, அவர்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒன்பது வேகத்தடை. வெயில். தாரணி ஐந்து முறை இறங்கி ஏறியிருக்கிறாள். ஆறாவதில் இறங்கியவள் நடக்காமல் ரோட்டிலேயே நின்று அழுதிருக்கிறாள். மாப்பிள்ளை உள்ளே உட்கார்ந்தபடி, "இன்னும் மூணுதான்" என்றிருக்கிறார்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் சரியாகப் பேசுவதில்லையாம். இங்கே கொண்டுவந்து விட்டதும் அப்படித்தானாம். மாப்பிள்ளை வராமல் வளைகாப்பு வைத்தால் தாரணி யார் முகத்தைப் பார்த்து மணையில் உட்காருவாள் என்று கேட்டுத் துளசிமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இது குடும்ப விஷயம். விபத்துப் பதிவேட்டில் வராது. ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 15, வியாழன்

டயரில் காற்றடித்தால் வண்டி தானாக ஒரு விரல் எழும்பாதா என்று துளசிமணி கேட்டாள். பத்து நாளாக இது எனக்குத் தோன்றவில்லை. இதை எழுதுவது சங்கடமாக இருக்கிறது.

பெர்னார்டின் சைக்கிள் பம்ப்பை வைத்து இருபது நிமிடம் அடித்தோம். ஏறிய காற்றெல்லாம் அப்படியே திரும்பி வந்தது. பார்த்தால், காற்றைப் பிடித்து வைக்கிற வால்வ் பின்னே அங்கே இல்லை. கடுகு டப்பாவில் போட்டால் தேடி எடுக்க முடியாத அளவுச் சின்னச் சாமான். அது தானாகக் கழன்று விழாது. மூடியைத் திருகி எடுத்து, பின்னையும் திருகி எடுக்க வேண்டும். பொறுமை வேண்டும். மெல்லிய விரல் வேண்டும்.

எலியாக இருக்கலாம் என்று பெர்னார்டிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஜூன் 16, வெள்ளி

ஊக்கு ஒன்று தேவைப்பட்டது. தாரணி தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய கம்மல் டப்பாவைத் திறந்தேன். கம்மல்களுக்கு நடுவே வால்வ் பின் இருந்தது, பக்கத்தில் அதன் கறுப்பு மூடியும்.

எடுத்துப் பார்த்தேன். திரும்ப வைத்தேன். டப்பாவை மூடினேன்.

பெண்கள் டப்பாவில் ஆயிரம் இருக்கும். அது எந்த வண்டியினுடையதோ. நான் ஊக்கு இல்லாமலே சமாளித்துக்கொண்டேன். வால்வ் பின் கிடைக்கவில்லை என்று துளசிமணியிடம் சொன்னேன். கடையில் புதிதாக வாங்கலாமே என்றாள். ஸ்டாக் இல்லையாம் என்றேன். நான் கடைக்குப் போகவில்லை.

பதினெட்டுக் குடம்.

ஜூன் 17, சனி

தாரணி சாயந்திரமானால் போர்ட்டிகோவுக்கு வந்து காரின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். முதலில் அவளைக் கூப்பிட்டு, ஜாக்கி வைத்திருக்கும் வண்டியின் அருகில் நிற்கக் கூடாது என்று சொல்ல நினைத்தேன். ஜாக்கியே வைக்கவில்லை என்பது பிறகுதான் நினைவு வந்தது.

ஜூன் 18, ஞாயிறு

மாப்பிள்ளைக்கு எழுதிய நகல்கள்.

ஒன்று: 'பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, தங்கள் வாகனம் நலம். அதன் அடியில் உள்ள எங்கள் சம்ப் பற்றி ஒரு சிறு விண்ணப்பம்.' விண்ணப்பம் என்றால் கெஞ்சுகிற மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.

இரண்டு: 'தங்கள் வாகனத்துக்குக் கீழே ஒரு மூடி இருப்பதை அறிவிப்பதில் மகிழ்ச்சி அடைகிறேன்.' இதில் மகிழ்ச்சி எங்கே வந்தது.

மூன்று: 'மாப்பிள்ளை, பூனேயில் மழையா?' இது நன்றாக இருந்தது. ஆனால் இதற்கு அவர் ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு பொய் சொல்ல வேண்டியிருக்கும். அவருக்கு அந்தச் சங்கடம் வேண்டாம்.

துளசிமணி நான்கு காகிதத்தையும் வாங்கிப் படித்தாள். நான்காவது வெறும் காகிதம். "அதையே அனுப்புங்க" என்றாள்.

ஜூன் 19, திங்கள்

காலை 7.05-க்கு போன் செய்தேன். 'தங்கள் வாகனம் தொடர்பாக' என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன். முதல் மணியிலேயே எடுத்து, "சொல்லுங்க மாமா" என்றார். அந்தக் குரலில் தூக்கமே இல்லை. என் வாக்கியம் எங்கோ போய்விட்டது. "தண்ணி இல்லீங்க மாப்ள. நீங்க வந்தாத்தான் ஆகும்" என்றேன். வருகிறேன் என்றார்.

7.23-க்கு வந்தார். பூனேயிலிருந்து பதினெட்டு நிமிடம். நேரத்தை மட்டும் பதிவு செய்கிறேன், வேறொன்றும் கேட்கவில்லை.

அவர் அம்மாவின் ஸ்கூட்டரில் வந்தார். காலடியில் தாழ்வான ஒரு ஜாக்கி, இட்லித் தட்டு உயரம்தான். பையில் நான்கு ஸ்டாண்ட். இளைத்திருந்தார். கன்னத்தில் மூன்று நாள் தாடி. வாங்க மாப்ள என்றேன், சரிங்க மாமா என்றார். தாரணி உள்ளே அறையில் இருந்தாள், வெளியே வரவில்லை. அவர் டயர் அருகில் குந்தி உட்கார்ந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

நான் ஹெல்மெட்டை அவர் தலையில் வைத்தேன். மறுக்கவில்லை. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தோம். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா என்று அவரே கண்ணாடி வழியாகப் பார்த்தார். ஒரேயடியாகத் தூக்காமல், ஒரு பக்கம் இரண்டு விரல் தூக்கி டயருக்கு அடியில் பலகை செருகி இறக்கினார். அந்தப் பக்கமும் அதே மாதிரி. பிறகு முன்பக்கம் நடுவில் இருக்கும் கெட்டியான இடத்தில் ஜாக்கி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார். இரண்டு பக்கமும் ஸ்டாண்ட். மெல்ல அதன்மேல் இறக்கினார். ஜாக்கியையும் எடுக்காமல் தொட்டும் தொடாமலும் அப்படியே விடச் சொன்னேன். தோளைக் கொடுத்து மூன்று முறை வண்டியைத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. இத்தனை வருடத்தில் என் பேச்சை ஒருவர் ஒன்றுவிடாமல் கேட்டது இதுதான் முதல் தடவை.

மூடியைத் திறக்க அவர் மல்லாந்து படுத்து உள்ளே போனார். காளியண்ணனின் பாதம் கண்ணுக்குள் வந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் தரையில் உட்கார்ந்து மாப்பிள்ளையின் வலது கணுக்காலைப் பிடித்துக்கொண்டேன். பிடித்திருப்பதால் ஒரு பயனும் இல்லை என்று எனக்கே தெரியும். கடைசியாக இந்தப் பாதத்தைத் தொட்டது கல்யாணத்தன்று, தாம்பாளத்தில் வைத்துக் கழுவியபோது. அன்றும் பயம்தான். அன்று என் பெண்ணைக் கொடுக்கிறோமே என்று.

உள்ளே மூடி நகரும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் வந்தது.

"மாமா, டயர் பஞ்சர் இல்லீங்க. வால்வ் பின்னை யாரோ எடுத்திருக்காங்க."

முப்பத்தொரு வருடம் நான்தான் கேள்வி கேட்டுப் பழக்கம். பதில் சொல்லிப் பழக்கமில்லை.

"நான்தான் எடுத்தேன்" என்றேன்.

"எதுக்குங்க மாமா?"

"நீங்க போயிடக் கூடாதுன்னு."

சொன்ன பிறகுதான் அதில் பாதி உண்மை என்று எனக்கே தெரிந்தது. பின்னை நான் எடுக்கவில்லை. ஆனால் அவர் போய்விடக் கூடாது என்று பதினைந்து நாளாகச் சாப்பிடும்போதும் குடம் தூக்கும்போதும் நான் வேறு எதையும் நினைக்கவில்லை. டப்பாவில் பார்த்த பின்னை எடுத்து மாட்டியிருந்தால் அன்றைக்கே பாதி வேலை முடிந்திருக்கும். மாட்டவில்லை. தண்ணீர் இல்லாமல் போனாலும் பரவாயில்லை, அவர் வந்துதான் இந்த வண்டி எழும்ப வேண்டும் என்று எனக்கு இருந்தது.

பின்னால் தாரணி வந்து நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது.

"அப்பாவுக்கு அந்தப் பின் எப்படி இருக்கும்னே தெரியாது. நான்தான் எடுத்தேன்" என்று சொல்லி, உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். காட்டி என்ன பயன், அவர் தலை காருக்கு அடியில் இருந்தது. நான்தான் பார்த்தேன்.

என் கைக்குள் கணுக்கால் ஒருமுறை அசைந்தது.

"தெரியும்" என்றார் அடியிலிருந்து. "ஜன்னல்ல நீ நின்னுட்டிருந்தியே, அன்னிக்கே தெரியும். டிக்கியில ஏர் பம்ப் இருக்குது. வால்வ் பின்னும் நாலு இருக்குது."

"அப்புறம் எதுக்கு வண்டிய விட்டுட்டுப் போனீங்க?"

"விட்டுட்டுப் போனாத்தானே திரும்பி வர முடியும்."

"பதினஞ்சு நாளா வரலையே."

"யாரும் கூப்புடலையே."

நான் என் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து நாள், இருநூறு குடம், எல்லாம் ஒரு போன் செய்யாததால். முறை பார்த்து முறை பார்த்து என் பெண்ணை இப்படி நிற்க வைத்துவிட்டேன். எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

உள்ளே மிதவைப் பந்து தட்டுப்பட்டு விழும் சத்தம் கேட்டது. அவர் வெளியே வரவில்லை. வெளியே வந்தால் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், அடியில் கிடப்பது சுலபம் என்று நினைத்தாரோ என்னவோ.

"ஆறாவது ஸ்பீடு பிரேக்கர்ல நீ அழுதப்ப நான் இறங்கி வந்திருக்கணும். வரல. தப்புதான் தாரணி. பழைய ஸ்பிரிங் வீட்டுலதான் இருக்குது. மாட்டிடறேன்."

தாரணி ஒரு கையால் தூணைப் பிடித்து, மெல்லக் குனிந்து, தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து அவருடைய இன்னொரு கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். ஓர் ஆளுக்கு ஒருவர் பிடித்தாலே அதிகம். நான் தடுக்கவில்லை. துளசிமணி வாசலில் காப்பி டம்ளரோடு நின்று, இது என்ன கோலம் என்று கேட்டாள்.

அவர் வெளியே வந்தபோது சட்டைப் பையில் கார் சாவி தெரிந்தது. பின்னைப் போட்டு, காற்றடித்து, வண்டியைப் பின்னால் எடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் மூடியைத் திறந்திருக்கலாம். ஜாக்கியும் வேண்டாம், ஸ்டாண்டும் வேண்டாம், யாரும் அடியில் படுத்திருக்கவும் வேண்டாம். அவர் ஏன் அப்படிச் செய்யவில்லை என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 20, செவ்வாய்

தண்ணீர் விழுந்தது. சத்தத்தைக் கேட்கத் துளசிமணி காருக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் 23, வெள்ளி

வளைகாப்பு நடந்தது. வந்தவர்கள் தொண்ணூற்றொரு பேர். என் கணக்கும் தப்பு, அவள் கணக்கும் தப்பு.

கார் ஸ்டாண்ட் மேலேயேதான் நிற்கிறது. சுற்றிக் கயிறு கட்டி, 'அருகில் வராதீர்' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தேன். ஒருவரும் மதிக்கவில்லை. பெண்கள் கயிற்றை விலக்கி, முன்பக்கம் சரியான உயரத்தில் இருக்கிறது என்று புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் தட்டுகளையெல்லாம் பானெட் மேல் வரிசையாக அடுக்கிவிட்டார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா, இதுவும் விசேஷத்துக்குச் சேர்ந்ததுதான் என்று நினைத்தோ என்னவோ, காரின் பக்கவாட்டுக் கண்ணாடிக்குச் சந்தனம் வைத்து இரண்டு வளையலும் மாட்டினார். பின்னால் வந்தவர்கள் அதைப் பார்த்துத் தாங்களும் ஆளுக்கு இரண்டு மாட்டினார்கள். மத்தியானத்துக்குள் கண்ணாடி முழுக்கப் பச்சையும் சிவப்பும்.

தாரணி மணையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தாள். மாப்பிள்ளை தண்ணீர்க் குடத்தோடு பந்திக்கும் சமையலுக்கும் ஓடிக்கொண்டிருந்தார். அவர் அம்மா என்னிடம் வந்து, உங்கள் வீட்டில் தண்ணீர் வசதி நன்றாக இருக்கிறது என்றார். ஆமாங்க என்றேன்.

ஜூன் 27, செவ்வாய்

மாப்பிள்ளை தினம் ஆபீஸ் முடிந்து ஆறரை மணிக்கு வந்துவிடுகிறார். ஒரு நாளைக்கு ஒரு ஸ்பிரிங். இன்று ஒன்று மாட்டினார். நேற்று மாட்டியது சரியில்லை என்று அதைக் கழற்றினார். கணக்குப்படி இன்னும் மூன்று பாக்கி. தாரணி நாற்காலி போட்டு உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறாள். பத்து நம்பர் கேட்டால் பன்னிரண்டு கொடுக்கிறாள். அவர் அதையும் வாங்கிக்கொள்கிறார்.

ஜூலை 5, புதன்

நான்கு ஸ்பிரிங்கும் மாட்டியாயிற்று. டயர் எல்லாம் சரி. வண்டி பழைய உயரத்துக்கு வந்துவிட்டது, அடியில் ஒரு பூனை நிமிர்ந்தே போகலாம். இனி ஸ்டாண்டை எடுத்துவிட்டு ஓட்டிப் போக வேண்டியதுதான்.

முறைப்படி தாரணி பிரசவம் வரை இங்கேதான் இருப்பாள். வண்டி போய்விட்டால் மாப்பிள்ளைக்குத் தினம் வருவதற்கு ஒரு காரணம் வேண்டும். மாமனார் வீட்டுக்குச் சும்மா தினம் வர அவருக்குக் கூச்சம். அவர் ஜாக்கியை எடுத்து வைத்துக்கொண்டு தாரணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்ததையே துடைத்தாள்.

நான் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். ஸ்பிரிங் மாற்றிய வண்டி தொண்ணூறு நாள் ஸ்டாண்ட் மேல்தான் நிற்க வேண்டும், வண்டிக்குச் சொந்தக்காரர் தினம் நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், பாதுகாப்பு விதி அப்படி என்று சொன்னேன். இந்தப் பதிவேட்டையே நீட்டினேன்.

அப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் கிடையாது. மாப்பிள்ளை மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர்.

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "சரிங்க மாமா. நாளைக்கு வர்றேன்" என்றார்.